வீட்டுப் பட்டறைக்கு எந்த லேத்?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் வீட்டின் பின்னறையில் சிறு பட்டறை அமைத்திருக்கிறேன். பழைய தையல் இயந்திரம், கைத்துளைப்பான், சிறு மோட்டார் போன்றவற்றைச் சீர்செய்வதும், கடையில் கிடைக்காத தண்டுகளையும் புஷ்களையும் (தண்டு சுழலும் உருளை உறைகள்) நானே கடைந்துகொள்வதும் என் விருப்பம். மேசைமேல் வைக்கும் புதிய சிறு லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றும், ஏறக்குறைய அதே விலைக்குக் கனமான பழைய லேத் ஒன்றும் என் பார்வையில் உள்ளன. எதை வாங்கலாம்?

பதில்: லேத் வாங்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகளைத்தான் கேட்கிறார்கள்: எவ்வளவு விட்டமுள்ள பொருள் சுழலும், பொருளின் இரு முனைகளைத் தாங்கும் இரு மையங்களுக்கு இடையே எவ்வளவு நீளம் கிடைக்கும். தங்களுடைய வேலைக்கு இவ்விரண்டையும்விட முக்கியமானது பொருளைச் சுழற்றும் முதன்மைத் தண்டான ஸ்பிண்டிலின் ஊடாகச் செல்லும் துளையின் விட்டம். 500 மி.மீ. நீளமும் 22 மி.மீ. விட்டமும் உள்ள ஒரு தண்டின் முனையை மட்டும் கடைய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துளை 26 மி.மீ. இருந்தால், தண்டை உள்ளே செலுத்தி, பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கிலிருந்து 30 மி.மீ. மட்டும் வெளியே நீட்டிப் பிடித்து, சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடலாம். துளை 20 மி.மீ. என்றால், முழுத் தண்டும் லேத்தின் நீண்ட அடிப்பகுதியான பெட்டின்மேல் கிடக்க வேண்டும். அதைத் தாங்க ஸ்டெடி ரெஸ்ட் வேண்டும். அவ்வளவு நீளமுள்ள பெட்டும் வேண்டும். மேசை லேத்துகள் பலவற்றில் இந்தத் துளை 20 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. ஆகவே, தாங்கள் அடிக்கடி கையாளும் தண்டுகளில் மிகத் தடித்ததன் விட்டத்தை முதலில் அளந்துகொண்டு, அதன்பின் இயந்திரத்தைப் பார்க்கச் செல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஸ்பிண்டிலின் பின்புறம் நீண்டு தொங்கும் மெல்லிய தண்டு, வேகம் கூடும்போது சட்டென்று வளைந்து சாட்டைபோல் சுழன்றடிக்கும். பின்பக்கத் தாங்கி இல்லாமல் அப்படி ஓட்டவே கூடாது.

மைய இடைவெளி என்று விளம்பரத்தில் காணும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 350 மி.மீ. என்று எழுதியிருக்கும். சக்கு ஏறத்தாழ 100 மி.மீ. எடுத்துக்கொள்ளும், சக்குக்கு எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக்கில் மாட்டிய ட்ரில் சக்கும் அதில் பிடித்த ட்ரில்லும் சேர்ந்து இன்னொரு 150 மி.மீ. எடுத்துக்கொள்ளும். துளையிட வேண்டிய பொருளுக்கு மிஞ்சுவது 100 மி.மீ. மட்டுமே.

அடுத்தது எடை. என் உறுதியான கருத்து இது: நல்ல நிலையில் இருக்குமானால், தாங்கள் வாங்க வேண்டியது அந்தக் கனமான பழைய லேத்தைத்தான். வார்ப்பிரும்புப் பெட்டின் எடைதான் வெட்டும்போது எழும் அதிர்வை விழுங்குகிறது. எடை குறைந்த இயந்திரத்தில் மேலோட்டமாகக் கடையும்போது குறை எதுவும் தெரியாது. ஒரு தண்டைத் துண்டித்தெடுக்க பார்ட்டிங் டூலை உள்ளே செலுத்தும்போதுதான் கிரீச்சென்ற ஒலியும் அலையலையான தடமும் வரும். மேசை லேத்தில் நல்ல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் சாதிப்பது குறைந்த ஆழத்தில், பொறுமையாக, பலமுறை ஓட்டித்தான். தையல் இயந்திரத்தின் சிறு உறுப்புகள் மட்டுமே போதும் என்றால் அதுவே போதுமானது. மோட்டார்த் தண்டு என்று தாங்கள் குறிப்பிட்டிருப்பதால்தான் கனமானதைச் சொல்கிறேன்.

கேள்வி: பழைய லேத்தை நேரில் பார்க்கும்போது அதன் தேய்மானத்தை எப்படிக் கண்டறிவது? விற்பவர் புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்.

பதில்: பெயின்ட்டைப் பார்க்கவே வேண்டாம். காந்த அடித்தளத்துடன், மிகச் சிறு அசைவையும் முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜ், ஒரு மைக்ரோமீட்டர், ஓரடி நீளமுள்ள உறுதியான இரும்புத் தண்டு, கடைந்து பார்க்க 25 மி.மீ. விட்டமுள்ள ஒரு துண்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

எந்த லேத்திலும் பெரும்பாலான வேலை சக்குக்கு அருகிலேயே நடக்கிறது. எனவே பெட்டும் அங்கேதான் அதிகம் தேயும். டெயில்ஸ்டாக் முனை பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். முதலில் பெட்டின் முன்பக்க வழித்தடத்தில், சக்கை ஒட்டிய பகுதியில் விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். தேய்ந்த பகுதிக்கும் தேயாத பகுதிக்கும் இடையே வரம்பு இருந்தால் நகம் அதில் தட்டும். பிறகு, டூலைத் தாங்கி நகரும் கேரேஜைச் சக்கின் பக்கத்தில் நிறுத்தி, அதன் ஆட்டம் நீங்கும்வரை பிடிமானத் தகடுகளை இறுக்கி, கைச்சக்கரத்தால் டெயில்ஸ்டாக் நோக்கி உருட்டுங்கள். வழியெங்கும் ஒரே சீராக உருண்டால் நல்ல பெட். பாதியிலேயே இறுகி நின்றுவிட்டால், சக்கின் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். பெட்டைச் சாணை பிடித்துச் சீர்செய்வது பெரிய செலவு. அத்தகைய இயந்திரத்தை விட்டுவிடுவதே நல்லது.

ஸ்பிண்டில் பேரிங்கைச் சோதிக்க, அந்த இரும்புத் தண்டைச் சக்கில் பிடித்து, டயல் கேஜின் அடியை, ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கில் ஒட்டி, முனையை ஸ்பிண்டிலின் மூக்கில் (சக்கு மாட்டப்படும் முனையில்) படும்படி வைத்து, தண்டைக் கையால் மேலே தூக்கியும் கீழே அழுத்தியும் பாருங்கள். முள் 0.01 அல்லது 0.02 மி.மீ. அசைந்து திரும்பினால் கவலையில்லை. அதற்கு மேல் போனால், பேரிங்கை இறுக்கிச் சரிசெய்ய இடமிருக்கிறதா என்று விசாரியுங்கள். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுழல்கிறது என்பதற்காக ஒரு நல்ல லேத்தை ஒதுக்கிவிட வேண்டாம். அதன் திருகில் ஓடும் தேய்ந்த நட்டை மாற்றிக்கொள்ளலாம்.

இறுதியாக, 25 மி.மீ. துண்டைச் சக்கிலிருந்து 100 மி.மீ. நீட்டி, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், கூரான டூலால் மெல்லியதாக ஓர் ஓட்டம் கடைந்து, இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் உடனே தேய்மானம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். என் முதல் லேத்தில் 150 மி.மீ. நீளத்துக்கு 0.08 மி.மீ. சரிவு வந்தது, பெட் போயிற்று என்றே நினைத்து இரண்டு வாரம் மனம் உடைந்திருந்தேன். தரை சமமில்லாததால் பெட் சற்று முறுக்கிக்கொண்டிருந்ததுதான் உண்மைக் காரணம். டெயில்ஸ்டாக் பக்கத்துக் கால் ஒன்றின் அடியில் விரலகலப் பித்தளைத் தகட்டுத் துண்டைச் செருகி, போல்ட்டை இறுக்கி, மீண்டும் கடைந்து அளந்தேன். சரிவு பாதியாகக் குறைந்திருந்தது. இன்னொரு தகடு வைத்ததும் மைக்ரோமீட்டர் இரு முனையிலும் ஒரே அளவைக் காட்டியது. எனவே லேத் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, நுண் மட்டக்கோலைப் பெட்டின் குறுக்கே இரு முனைகளிலும் வைத்து, முறுக்கு இல்லாமல் நிறுத்துங்கள்.

கேள்வி: அந்த லேத்தில் இருப்பது மூன்று ஃபேஸ் மோட்டார். என் வீட்டில் ஒற்றை ஃபேஸ் மின்சாரம்தான். மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. வி.எஃப்.டி. என்னும் கருவி, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஒற்றை ஃபேஸை வாங்கி, அதே வோல்ட்டில் மூன்று ஃபேஸாகத் தரும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 230/400 வோல்ட் என்று இருந்தால், உள்ளிணைப்பை டெல்டாவாக (முக்கோண இணைப்பாக) மாற்றி அதனுடன் இணைக்கலாம். 400 வோல்ட் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால், மோட்டார் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். லேத்தின் பழைய சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே விட்டுவைக்கக் கூடாது. ஓட்டத்தின் நடுவில் அந்த இணைப்பைத் துண்டித்தால் கருவி பழுதாகக்கூடும். வேகத்தைக் குமிழால் மிகவும் குறைத்து நெடுநேரம் ஓட்டினால், மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் அது சூடேறும்; குறைந்த வேகத்துக்கு பெல்ட்டையோ கியரையோ மாற்றிக்கொள்ளுங்கள்.

சக்கு மரையால் மாட்டப்படும் வகை என்றால், வி.எஃப்.டி.யில் திடீர் நிறுத்தத்தை அமைக்காதீர்கள். ஸ்பிண்டில் சட்டென்று நிற்க, கனமான சக்கு தன் வேகத்தில் மேலும் சுழன்று, மரை கழன்று பெட்டின்மேல் விழும். மரையின்றிப் பூட்டுமுனைகளால் சக்கைப் பிடிக்கும் கேம்லாக் வகையில் இந்த அபாயம் இல்லை.

கேள்வி: லேத்துடன் மூன்று ஜா (பொருளைக் கவ்வும் தாடை) சக்கு மட்டுமே தருகிறார்கள். நான்கு ஜா சக்கும் வாங்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வாங்குங்கள், மற்ற துணைக்கருவிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய தண்டைச் சீர்செய்யும்போது, ஏற்கெனவே கடைந்த பரப்பும் புதிதாகக் கடைவதும் ஒரே மையத்தில் அமைய வேண்டும். மூன்று ஜா சக்கு, பொருளை 0.05 அல்லது 0.1 மி.மீ. விலக்கிப் பிடிப்பது சாதாரணம். அதைத் திருத்த வழியும் இருக்காது. நான்கு ஜாவைத் தனித்தனியே நகர்த்தலாம். தண்டின்மேல் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றி, முள் அதிகம் ஏறும் பக்கத்துக்கு எதிர் ஜாவைச் சற்றுத் தளர்த்தி, ஏறிய பக்கத்து ஜாவை இறுக்க வேண்டும். முதல் நாள் அரைமணி நேரம் பிடிக்கும். பழகிவிட்டால் மூன்று நிமிடத்தில் முள் 0.01 மி.மீ.க்குள் அடங்கிவிடும்.