பிராட்டில் அநுதாத்தம் மேலே தாவுகிறதா?

மயிலாப்பூர் வேத பாராயணப் பதிவைப் பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் பார்த்தால், அநுதாத்தம் (தாழ்ந்த ஸ்வரம்) 232 ஹெர்ட்ஸுக்குத் தாவுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அது ஸ்வரம் இல்லை. மென்பொருள் சுருதியை இரட்டித்துப் படித்திருக்கிறது. பிட்ச் (சுருதி) அமைப்பில் கீழ் எல்லை 80, மேல் எல்லை 200 என்று வையுங்கள். பிட்ச் கோடு 116க்கு இறங்கிவிடும். உங்கள் பதிவில் உதாத்தம் (நடு ஸ்வரம்) 130 என்பதால் கணக்கு சரிதான்: தைத்திரீய (கிருஷ்ண யஜுர் வேத) பாடத்தில் அநுதாத்தம் ஏறக்குறைய ஒரு முழு ஸ்வரம் கீழே, ஸ்வரிதம் (உயர்ந்த ஸ்வரம்) அரை ஸ்வரம் மேலே, அதாவது 138 அருகில்.

தாவல் 'இ', 'உ' வரும் அட்சரங்களில்தானா என்று பாருங்கள். அந்த உயிர்களின் முதல் ஃபார்மன்ட் (வாய், தொண்டையின் ஒத்ததிர்வு) 250–300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அது இரண்டாம் ஹார்மோனிக்கை, அதாவது சுருதியின் இரு மடங்கான 232ஐ, தூக்கிவிடும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

சந்தேகமா? ஸ்பெக்ட்ரோகிராமின் (ஒலியின் அதிர்வெண் படம்) விண்டோ நீளத்தை 0.005இலிருந்து 0.04 விநாடியாக்குங்கள். படுக்கைக் கோடுகள் பிரிந்து தெரியும். 116, 232, 348 என்று அடுக்கினால் இடைவெளிதான் உண்மையான சுருதி. 50, 100 ஹெர்ட்ஸில் அசையாமல் ஓடும் கோடு கரண்ட் இரைச்சல், அதைக் குரலோடு சேர்க்காதீர்கள்.

ஒன்று மட்டும்: இரண்டு பேர் சேர்ந்து சொல்லும் இடத்தில் பிட்ச் கோட்டை நம்பவே வேண்டாம். தனிக்குரலிலும் சொல்லச் சொல்லச் சுருதி நகரக்கூடும். ஆகவே அந்தந்த வாக்கியத்தின் உதாத்தத்தை வைத்தே செமிடோனில் (அரை ஸ்வரக் கணக்கில்) அளந்து பாருங்கள்.