பெரிய ரேஸ் ஓடிய குதிரை நலமாக இருக்கிறதா என்று பயிற்சியாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

மறுநாள் காலை முதலில் பார்ப்பது தீவனத் தொட்டியைத்தான். இரவு வைத்தது மிச்சமிருந்தால் சந்தேகம் வந்துவிடும். பிறகு நாலு காலையும் தடவி, சூடோ வீக்கமோ தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து, கெட்டியான தரையில் நேராக ஓட்டிப் பார்ப்பது. முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே தூக்கும்.

தசைக்குள் கிழிந்தால் இவ்வளவு சுலபமில்லை. ஆஸ்திரேலியாவின் பிளாக் கேவியர் என்ற குதிரை 2012 ஜூனில் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் பந்தயத்தில் ஒரு குதிரைத் தலை அளவு வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. கடைசியில் ஓட்டத்தைத் தளர்த்திவிட்டதாக ஜாக்கி லூக் நோலனுக்குச் சரியான திட்டு. பரிசோதித்தபோதுதான் தொடைத் தசையும் இடுப்பு மூட்டுப் பகுதியும் கிழிந்திருந்தது தெரிந்தது. அந்த வலியோடும் ஜெயித்திருக்கிறது!

பயிற்சியாளர் பீட்டர் மூடியின் திறமை எனக்குத் தெரிவது அதற்குப் பிறகுதான். அவசரப்படாமல் மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தார். 2013 பிப்ரவரியில் மெல்போர்னில் களமிறக்கினார், ஜெயித்தது. ஏப்ரலில் சிட்னி ராண்ட்விக்கில் 25-வது வெற்றி. தோல்வியே கிடையாது. இன்னும் ஓடவைத்துப் பணம் பார்த்திருக்கலாம். அவரும் உரிமையாளர்களும் சில நாளிலேயே ஓய்வை அறிவித்துவிட்டார்கள்.