பிக்கப் வண்டியில் ஃபில்டர் விளக்கு எரிந்தால்

வணக்கம் ஐயா. தோட்டத்திலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் டீசல் பிக்கப்பில் புகை ஃபில்டர் (புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி) எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிகிறது, இழுவையும் குறைகிறது, மெக்கானிக் ஃபில்டரையே எடுத்துவிடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். அது சட்டப்படி தவறு. போதாக்குறைக்கு எஞ்சின் கணினி வேறொரு விளக்கை எரியவிடும்.

என்னுடையதும் பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிதான். ஊருக்குள்ளேயே ஓடிய காலத்தில் இதே தொல்லை. நெடுஞ்சாலை ஓட்டம் கிடைத்த பிறகு அடங்கிவிட்டது. ஃபில்டரில் படியும் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். சந்தைக்கு அரைமணி நேரத்துக்குள் போய் வண்டியை அணைத்தால் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? எரிப்பு பாதியில் நின்றுபோவதால், கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும்.

முதலில் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, தண்ணீராய் ஓடி, டீசல் வாடை அடித்தால் அன்றே மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். மலிவு ஆயிலின் சாம்பல் ஃபில்டரிலேயே தங்கிவிடும், எரியாது.

பிறகு வாரம் ஒருமுறை திண்டுக்கல் சாலையில் அரைமணி நேரம், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் குறையாமல், ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். நடுவில் அணைக்காதீர்கள். இழுவை அறவே போய்விட்டால் ஓட்டிப் பயனில்லை. சர்வீஸ் நிலையத்தில் கணினி வழியாகக் கரியை எரிக்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் ஓரிரு நாளில் விளக்கு வந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் ஃபில்டரின் அழுத்த சென்சாரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.