தம்பியின் கார்டுக்கு அக்கா கட்டும் மினிமம் டியூ

கேள்வி: பாளையங்கோட்டையில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் 18,000 ரூபாய். அப்பா இல்லை. 24 வயதுத் தம்பி திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு ஷோரூமில் வேலை பார்க்கிறான், கைக்கு 19,000 வருகிறது. பிராண்டட் சட்டை, ஷூ என்று வாங்கியே கிரெடிட் கார்டில் 88,000 ரூபாய் கடனாகிவிட்டது. சிபில் (கடன் மதிப்பெண்) கெட்டுவிடும், வசூலுக்கு ஆள் வந்துவிடும் என்று பயந்து, எட்டு மாதமாக மினிமம் டியூ (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) சுமார் 4,600 ரூபாயை நான்தான் கட்டுகிறேன். இதனால் என் கல்யாணத்துக்கென்று தபால் ஆபீசில் போட்டுவந்த 3,000 ரூபாய் ஆர்.டி.யை (மாதாந்திரத் தொடர் சேமிப்பு) மூன்று மாதமாகக் கட்ட முடியவில்லை. அப்படியும் பாக்கி இப்போது 92,000 என்று காட்டுகிறது. என் நகையில் இரண்டு பவுனை அடகு வைத்து ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்கிறான் தம்பி. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. நகையை வைக்கலாமா? (பில் நகல்கள் இணைத்துள்ளேன்.)

பதில்: வைக்காதீர்கள்.

துணிக்கு எவ்வளவு செலவழிக்கலாம், சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் 18,000 ரூபாயில் குடும்பம் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கவலைப்பட வைப்பது மாதாமாதம் நீங்கள் கட்டும் அந்த 4,600 ரூபாய்தான். அதை இந்த மாதத்தோடு நிறுத்த வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அவன் கார்டுக்கு மாத வட்டி 3.5 சதவீதம் என்று பில்லிலேயே இருக்கிறது. 92,000-க்கு 3,220 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 580. ஆக 3,800 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. நீங்கள் கட்டும் 4,600-ல் அசலில் கழிவது 800 ரூபாய்தான். எட்டு மாதத்தில் சுமார் 36,800 கட்டியிருக்கிறீர்கள், அதில் ஏறக்குறைய 30,000 வட்டியும் வரியும். மிச்சம் ஆறேழாயிரம் அசலில் கழிந்திருக்க வேண்டும். ஆனால் பாக்கி 4,000 ரூபாய் கூடியிருக்கிறது. எப்படி?

விடை பில்லில் இருக்கிறது. ஒரு சட்டை 3,999, ஒரு ஷூ 5,499, ஒரு டி-ஷர்ட் 1,299. மொத்தம் 10,797. மூன்றும் நீங்கள் மினிமம் கட்ட ஆரம்பித்த பிறகு வாங்கியவை. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். போதாததற்கு, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாயைத் தாண்டிய ஆயத்த ஆடைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அந்த 3,999 சட்டையில் சுமார் 610 ரூபாய் வரிதான். சட்டைக்கும் வரி, அதை வாங்கிய கடனின் வட்டிக்கும் வரி.

தம்பியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஒரே நிறத்தில் சட்டை எடுப்பது நம் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். ஜவுளிக்கடையில் மொத்தமாகத் துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்தால் முடிந்தது. இப்போது அந்த இடத்துக்கு பிராண்ட் வந்துவிட்டது. கொடைக்கு ஒன்று, கூட்டாளி கல்யாணத்துக்கு ஒன்று, போட்டோவில் ஒருமுறை வந்த சட்டையை மறுபடி போட ஒரு கூச்சம். 24 வயதில் இதற்கு ‘முடியாது’ என்று சொல்வது லேசான காரியமில்லை. அதைச் சொல்ல வேண்டிய நிலை அவனுக்கு வராமலே நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். பில் வரும்போது வலி உங்களுக்கு, அவனுக்கு லிமிட் திரும்பவும் திறந்து கிடக்கிறது.

நகைக்கு வருவோம். வங்கி நகைக்கடன் வட்டி வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் கார்டு வட்டியில் கால் பங்குகூட இல்லை. காகிதத்தில் பார்த்தால் தம்பி சொல்வது சரி. ஆனால் கடன் அவன் பெயரிலிருந்து உங்கள் கழுத்துக்கு மாறும். கார்டு பாக்கி பூஜ்யமாகும், லிமிட் முழுதாகத் திரும்ப வரும். ஆறு மாதத்தில் அடகுச் சீட்டும் இருக்கும், கார்டு பில்லும் இருக்கும். இப்படி இரண்டும் சேர்ந்த வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பதில், தம்பியே கார்டு கொடுத்த வங்கியிடம் பேசி, மொத்தப் பாக்கியையும் மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லட்டும். வருடம் 16 சதவீதம், 24 மாதம் என்று கிடைத்தால் தவணை சுமார் 4,500 ரூபாய், வட்டிக்கான ஜிஎஸ்டியோடு முதல் மாதங்களில் 4,700 வரும். இன்று நீங்கள் கட்டும் அதே பணம்தான், ஆனால் இரண்டு வருடத்தில் கடன் முடியும். இது அவன் சம்பளக் கணக்கிலிருந்து போக வேண்டும். வீட்டில் சாப்பிட்டு 19,000 வாங்குகிறவனால் முடியும். கூடவே லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும். வங்கி ஆப்பில் ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்துவைக்கும் வசதி உண்டு, அதை உங்கள் எதிரிலேயே செய்யச் சொல்லுங்கள்.

ஐந்து நிமிடத்தில் பணம் தரும் லோன் ஆப், ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’, நோ காஸ்ட் இஎம்ஐ எதுவும் இதற்குள் வரக்கூடாது. வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி, தள்ளுபடிக்குள்ளோ கட்டணத்துக்குள்ளோ ஒளிந்திருக்கும். ஷோரூமில் வேலை பார்க்கும் உங்கள் தம்பிக்கு இது என்னைவிட நன்றாகவே தெரியும்.

உங்கள் ஆர்.டி.தான் அவசரம். நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுபோகும், அப்புறம் புதுப்பிக்க இரண்டு மாதம்தான் அவகாசம். அபராதம் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய், அதற்குப் பயப்பட வேண்டாம். கையில் இருக்கிற 4,600-ஐக் கொண்டு இந்த மாதமே தபால் ஆபீசுக்குப் போங்கள்.

கார்டு தம்பி பெயரில் மட்டும் இருப்பதால், நீங்கள் எதிலும் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை உங்கள் சிபிலுக்கு ஒன்றும் ஆகாது. அவன் தவணையைத் தவறவிட்டால் அவன் சிபில் நிச்சயம் இறங்கும், அதை அவனிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவிடமும் நீங்கள் இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள், போனில் யாரோ சொல்லித் தெரிய வேண்டாம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யவும் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.