இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் ஃபேன்டசி ஹாக்கி அணி (நிஜ ஐஸ் ஹாக்கி வீரர்களை வைத்து ஆடும் கற்பனை அணி) போன வருடம் கடைசிக்கு முந்தின இடம். இப்போது ஒருவர் நல்ல விங்கரை (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்) தருகிறேன், அடுத்த இரண்டு வருட முதல் சுற்றுத் தேர்வுகளை, அதாவது டிராஃப்டில் புது வீரரை எடுக்கும் உரிமைகளைக் கொடு என்கிறார். இப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணியான டொரோண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 2009-இல் இதைத்தான் செய்தது. கோல் அடிக்கும் வீரர் பில் கெஸலுக்காக பாஸ்டன் அணிக்கு இரண்டு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு. கெஸல் சோடை போகவில்லை, முதல் சீசனிலேயே 30 கோல். ஆனால் சுற்றிலும் ஆள் இல்லை. 30 அணிகளில் 29-ஆவது இடம். கீழே முடிக்கும் அணிக்குத்தான் டிராஃப்டில் முன்னால் எடுக்கும் வாய்ப்பு; அதனால் கொடுத்த தேர்வு 2010-இல் இரண்டாம் இடத்துக்கு ஏறி, இளம் வீரர் டைலர் செகின் பாஸ்டனுக்குப் போனார். அறிமுக சீசனிலேயே ஸ்டான்லி கோப்பை (என்எச்எல் சாம்பியன் கோப்பை) வேறு! அடுத்த வருடத் தேர்வில் டக்கி ஹாமில்டன். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வலுவில்லாத அணி கொடுக்கும் தேர்வுக்குத்தான் விலை அதிகம். அதனால் ஒன்றை மட்டும் கொடுங்கள், அதுவும் நிபந்தனையோடு: டிராஃப்ட் வரிசையில் முதல் மூன்று இடங்களுக்குள் விழுந்தால் அது உங்களுக்கே, அவருக்கு அதற்கடுத்த வருடத் தேர்வு. என்எச்எல்-இல் இது சகஜம். மறுத்தால் விட்டுவிடுங்கள். ஆமாம், உங்கள் கோல்கீப்பர் யார்?