வாசகர் கேள்வி பதில்: மலையிறங்கிக் கடலுக்குப் போகும் கரவன்

கேள்வி: பழைய ஹயஸ் வேனில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பூட்டிக் கரவனாக்கியிருக்கிறோம். எல்லயிலிருந்து வெல்லவாய இறங்கும்போது கருகல் மணம் வருகிறது, பிரேக் மிதி கீழே போகிறது. கராஜில் காட்டினால் லைனர் நல்லாத்தானே இருக்கிறது என்கிறார்கள். ஆகஸ்ட் லீவுக்குப் பிள்ளைகளோடு அறுகம்பே போகலாமா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: மிதி கீழே போகும் வண்டியை அந்த இறக்கத்தில் விடவே வேண்டாம். லைனர் நல்லதாகவே இருக்கட்டும், சந்தேகப்பட வேண்டியது பிரேக் ஒயிலை. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் (டொட் என்பது பிரேக் ஒயிலின் தரக் குறியீடு) 205 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதே ஒயில் 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி வரும். ஒயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதி கீழே போவது அதனால்தான். ஆறியதும் ஆவி திரும்ப ஒயிலாகி மிதி இறுகிவிடும். கராஜுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை.

குறைந்ததற்கு மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவதால் பயனில்லை. பழையதை முழுதாக இறக்கி, நான்கு சில்லிலும் காற்றெடுத்துப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். ஒயில் தாங்கி மூடியில் எந்த டொட் எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். 2 வருடத்துக்கு ஒரு தரம் மாற்றினால் போதும். லைனர் நன்றாக இருக்கிறது என்பதைச் சில்லைக் கழற்றிப் பார்த்துத்தான் சொல்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது ஓட்டும் விதம். எல்லயிலிருந்து வெல்லவாய வரை சுமார் 27 கிலோமீற்றரில் ஏறக்குறைய 800 மீற்றர் இறங்குகிறீர்கள். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. ஓட்டோ கியர் என்றால் 2 அல்லது எல். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் உயிரைத்தான் செலவழிக்கும். காலை மிதியிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு போகாமல், வேகம் 40ஐத் தாண்டும்போது அழுத்தி 25க்குக் கொண்டுவந்து முழுதாக விடுங்கள். இடையில் கிடைக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் பிரேக் ஆறும். மணம் வந்துவிட்டால் சமமான இடம் பார்த்து நிறுத்தி, கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வைத்து அரை மணித்தியாலம் பொறுங்கள். ஓடைத் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதே என்று மொண்டு ஊற்றினால் டிரம் வெடிக்கும், டிஸ்க் கோணும்.

இன்னொன்று பாரம். 100 லீற்றர் தாங்கியை வீட்டிலேயே நிரப்பினால் 100 கிலோவை இறக்கத்தில் கட்டி இழுக்கிறீர்கள். நம்மூர் ஊற்றுத் தண்ணீரின் ருசி வேறுதான், ஒத்துக்கொள்கிறோம். குடிக்க 10 லீற்றர் போதும், மிச்சத்தை மொனராகலையில் நிரப்புங்கள். கரைக்குப் போய்விட்டால் சில கிணறுகளில் உப்புக் கரிக்கும். சியம்பலாண்டுவவுக்கும் பொத்துவிலுக்கும் நடுவே லகுகலக் காட்டுப் பாதையில் யானை ரோட்டுக்கு வரும். காலையிலேயே வெளிக்கிட்டு, வெயில் சாய முன்னர் அதைக் கடந்துவிடுங்கள்.

கேள்வி: போன வருடம் பாசிக்குடாவில் வேனில் சமைத்த சோறு இரண்டு நாளும் குழைந்துவிட்டது. அரிசியும் வீட்டு அரிசி, தண்ணீர் அளவும் வீட்டு அளவு.
(வாசகி, தலவாக்கலை)

பதில்: கைப்பக்குவத்தில் குறையில்லை. உங்கள் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, நுவரெலியாவில் 94க்கு. கடற்கரையில் 100. அரிசி சீக்கிரம் வேகும். வீட்டு நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். பருப்புக்கும் இதே கணக்கு.

அடுப்புக்கு 12.5 கிலோ சிலிண்டரைச் சுமக்க வேண்டாம். ஒரு அடுப்பு நடுத்தரத் தீயில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 150 கிராம் கேஸ் குடிக்கும். நாளுக்கு மூன்று மணித்தியாலம் எரித்தாலும் 2.3 கிலோ சிலிண்டர் ஐந்து நாள் வரும். நிமிர்த்தி வைத்து வாரால் கட்டுங்கள், வண்டி ஓடும்போது மூடிவிடுங்கள். கேஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியிலேயே வெளியே போக ஓட்டை வேண்டும். ஒவ்வொரு முறை பூட்டிய பின்னும் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா பாருங்கள்.

கேள்வி: 12 வோல்ட் பிரிஜ், காற்றாடி, ரைஸ் குக்கர் மூன்றும் ஒரு பற்றரியில் ஓடுமா? இருப்பது 100 அம்பியர்-மணி பற்றரி. பிரிஜ் நடுச்சாமத்தில் தானாக நின்றுவிடுகிறது.
(வாசகர், ஹட்டன்)

பதில்: ரைஸ் குக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 700 வொட் குக்கர், பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் இன்வேட்டர் வழியாக 65 அம்பியர் அளவில் இழுக்கும், அரை மணித்தியாலத்தில் 30 அம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். சாதாரண ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே உங்கள் கையில் இருப்பது 50தான். சிறிய பிரிஜ் ஓடும்போது 4 அம்பியர் இழுக்கும். கரையோரச் சூட்டில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் ஒரு நாளைக்கே 48. ஹட்டன் குளிரில் அதே பிரிஜ் அதிகம் படுத்தே கிடக்கும். வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்த கணக்கு கரையில் பிழைப்பது இதனால்தான்.

100 வொட் சோலர் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 30 அம்பியர்-மணி அளவு திருப்பித் தரும். அதற்கும் வழியில்லை என்றால் பிரிஜை விட்டுவிட்டு, மீன்காரர் வைத்திருக்கும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போடுங்கள். மீன் இறங்கும் ஊரில் ஐஸுக்குப் பஞ்சம் வராது.

நடுச்சாமத்தில் நிற்பதற்கு மெல்லிய வயரும் காரணமாகலாம். வழியிலேயே வோல்ட் இறங்கி, பற்றரி தீர்ந்துவிட்டது என்று பிரிஜ் நினைத்துக்கொள்ளும். 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயர் போட்டு, பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் வையுங்கள். வண்டி ஸ்டார்ட் எடுக்கும் பற்றரியை இதில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: டிசம்பர் லீவில் கிழக்குக் கரைக்குப் போகலாமா?
(வாசகி, நுவரெலியா)

பதில்: வேண்டாம். அது வடகீழ்ப் பருவமழைக் காலம். கடலும் கொந்தளிக்கும், ரோட்டிலும் வெள்ளம் நிற்கும். அந்த மாதத்தில் வெல்லவாய, தணமல்வில வழியாகத் தெற்கே தங்காலைப் பக்கம் போங்கள். கிழக்குக்கு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அறுகம்பேயை விடப் பாசிக்குடா நல்லது, அங்கே வெகுதூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர்தான்.

திரும்பி வரும் இரவில் குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறோம்: சாத்திய இடத்தில் அடுப்பு எரிந்தால் வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொல்லும். கம்பளி போதும்.

கேள்வி: வேனோடு சேர்த்துக் கட்டிய படங்கு முதல் நாள் மத்தியானமே கிழிந்துவிட்டது. இரவில் உள்ளே புழுக்கம் தாங்கவில்லை.
(வாசகர், பசறை)

பதில்: கிழித்தது கச்சான் காற்று. ஆனி, ஆடியில் மேற்கே தரையிலிருந்து வெப்பமாக வீசும். வேனின் பின்பக்கத்தை மேற்குக்குக் காட்டி நிறுத்துங்கள். படங்கின் வெளி ஓரத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள், உயர்த்திக் கட்டினால் காற்று உள்ளே புகுந்து பாய்போல ஊதித் தூக்கும். மணலில் சிறு முளை நிற்காது, மணல் நிரப்பிய உரப் பையைப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுங்கள். புழுக்கத்துக்குக் காற்று வரும் பக்கம் ஒரு ஜன்னலும் எதிர்ப்பக்கம் ஒன்றும், இரண்டிலும் நுளம்பு வலை. மலையில் பனிக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தும் பழக்கம் அங்கே உதவாது.

கேள்வி: மணலில் சில்லு புதைந்தால் என்ன செய்வது? வந்த பிறகு அடியில் துருப்பிடிக்காமல் இருக்க?
(வாசகர், வெலிமடை)

பதில்: ரேஸ் பண்ணாதீர்கள், இன்னும் புதையும். சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் மணலைத் தோண்டி, சாக்கை விரித்து, டயர்க் காற்றை 20 பீஎஸ்ஐ அளவுக்கு இறக்கி மெதுவாக எடுங்கள். தார் ரோட்டில் வேகம் எடுக்க முன் திரும்ப அடித்தாக வேண்டும், ஆகவே சிறிய பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

உப்பை ஊருக்குக் கொண்டுவந்து கழுவ நினைக்காதீர்கள். மொனராகலையில் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் அடிப்பக்கம், சில்லு வளைவு, கதவின் கீழ் ஓட்டைகள் எல்லாம் நல்ல தண்ணீரால் அடித்துவிடுங்கள். அங்கிருக்கும் வெயிலில் காய்ந்துவிடும். மூடுபனிக்குள் வந்து கழுவினால் ஈரம் நாள்கணக்கில் நிற்கும், துருவுக்கு அது போதும். கழுவிய கையோடு ஏற்றத்துக்குப் போகாமல், சமதரையில் இரண்டு மூன்று தரம் லேசாகப் பிரேக்கை மிதித்து நனைந்த லைனரைக் காயவிடுங்கள்.