போன் டேட்டாவை வைத்து டெஸ்க்டொப், டிவி, சிசிடிவி எல்லாவற்றுக்கும் கம்பியில் இணையம் கொடுக்கலாமா?

கேட்டிருப்பது இதுதான்: பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்து வீடு. பழைய டெலிபோன் லைன் இணைப்பை வெட்டிவிட யோசனை. டெஸ்க்டொப்பில் வைஃபை இல்லை, டிவியும் கெமரா பெட்டியும் லேன் கம்பியில்தான் ஓடுகின்றன. போனில் 4ஜி வருகிறது. அதையே வீட்டு இணைப்பாக்க முடியுமா?

முடியும். ஆனால் என்ன சாமான் வாங்குவது என்று பார்ப்பதற்கு முன்னால், போனை வீட்டில் எங்கே வைப்பது என்று பாருங்கள். ரவுட்டரை டிவிக்குப் பக்கத்தில் வைப்பது லைன் இருந்த காலத்துப் பழக்கம். மலையகத்தில் அது சரிவராது. சிக்னல் நிற்கிற இடத்தில் போன் இருக்கட்டும், அங்கிருந்து டிவி வரைக்கும் லேன் கம்பி வரட்டும். கேட் 5ஈ ரக லேன் கம்பியை 100 மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம், வேகம் குறையாது. சிக்னல் அப்படியில்லை, ஒரு சுவர் தாண்டினாலே பாதியாகிவிடும்.

திரையில் தெரிகிற கோடுகளை வைத்து இடம் தேட வேண்டாம், எண்ணைப் பாருங்கள். அன்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் *#*#4636#*#* அடித்தால் வரும். சாம்சங் என்றால் *#0011#, ஐபோன் என்றால் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அங்கே ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்று ஒரு எண் கழித்தல் குறியோடு இருக்கும், அதுதான் சிக்னலின் பலம். -85 என்றால் அருமை, -100 வரை சமாளிக்கலாம், -110க்குக் கீழே போனால் டிவி சுற்றிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம் எஸ்ஐஎன்ஆர் (SINR) என்ற இன்னொரு எண், சிக்னல் எவ்வளவு சுத்தம் என்று காட்டுவது. சில போன்கள் அதை எஸ்என்ஆர் என்று காட்டும். இது 10க்கு மேல் இருந்தால் நல்லது, 0க்குக் கீழே போனால் முழுக் கோடு இருந்தும் வேகம் வராது. இரண்டு மூன்று டவர்களின் சிக்னல் ஒரே இடத்தில் மோதுகிறது என்று அர்த்தம். மேட்டு லயங்களில் இது அடிக்கடி நடக்கும்: நாலா பக்கமும் டவர் தெரியும், எதுவும் சுத்தமாகக் கிடைக்காது. பணிய லயத்தில் நேர் எதிர். எதிர்மலை டவர் ஒன்றே ஒன்றுதான் தெரியும், அது தெளிவாக இருக்கும்.

தகரக் கூரை சிக்னலைத் திருப்பி அடிக்கும். அதனால் உள் காம்பராவில் -112 காட்டுகிற போன் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) -96 காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இஸ்தோப்பு, பின்பக்க ஜன்னல், கூரைக்குக் கீழே உயரமான இடம் என்று நாலைந்து இடத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் போனை அசையாமல் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மலை முதுகுக்குப் பின்னால் 500 மீட்டரில் நிற்கும் டவரைவிட, பள்ளத்தாக்கைத் தாண்டி நேராகக் கண்ணுக்குத் தெரிகிற 4 கிலோமீட்டர் டவர் நன்றாக வேலை செய்யும். வேறு நிறுவன சிம் ஒன்றை அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி அதே இடங்களில் பார்ப்பதும் நல்லது. மூடுபனியால் சிக்னல் குறையும் என்று சொல்வார்கள். 4ஜி அலைவரிசைகளுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. மழையில் நனைந்த சவுக்கு மரம் நடுவில் நின்றால் மட்டும் சிக்னலைக் கொஞ்சம் குடிக்கும்.

இனி இணைக்கும் விதம். உங்கள் போன் அன்ட்ரொய்ட் 11 அல்லது அதற்கு மேல் என்றால் ரவுட்டரே வாங்காமல் தொடங்கலாம். தேவையானது டைப்-சி யிலிருந்து லேனுக்கு மாற்றும் அடெப்டர், சார்ஜ் உள்ளே வரும் டைப்-சி துவாரத்தோடு சேர்ந்தது. ரியல்டெக் 8153 அல்லது ஏசிக்ஸ் 88179 சில்லு உள்ளதை வாங்கினால் பெரும்பாலான போன்கள் அடையாளம் காணும். சார்ஜ் துவாரம் இல்லாத மலிவான அடெப்டரை வாங்கினால் சில மணி நேரத்தில் போன் செத்துவிடும். கடையிலேயே உங்கள் போனில் சொருகி, அடெப்டரும் வேலை செய்து சார்ஜும் ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாப் போனும் இரண்டையும் ஒன்றாகச் செய்யாது.

லைனோடு வந்த பழைய மோடத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதை நான்கு துவார ஸ்விட்ச், அதாவது ஒரு லேன் இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பிரிக்கும் பெட்டி ஆக்கலாம். டெஸ்க்டொப்பிலிருந்து அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய், முகவரியை 192.168.1.1 லிருந்து 192.168.1.2 ஆக மாற்றி, டிஎச்சிபி யை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்துச் சேமியுங்கள். டெலிபோன் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இப்போது அடெப்டரிலிருந்து வரும் லேன் கம்பியை அதன் ஒரு லேன் துவாரத்தில் குத்தி, டெஸ்க்டொப், டிவி, கெமரா பெட்டி மூன்றையும் மற்றத் துவாரங்களில் குத்துங்கள். பிறகுதான் போனில் ஹொட்ஸ்பொட், டெதரிங் பக்கத்துக்குப் போய் ஈதர்நெட் டெதரிங்கை, அதாவது போன் டேட்டாவை லேன் கம்பிக்குக் கொடுக்கும் பொத்தானைப் போட வேண்டும். கம்பியின் மறுமுனையில் உயிருள்ள சாதனம் இல்லாவிட்டால் அந்தப் பொத்தான் மங்கலாகவே இருக்கும். போன் பழுது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். டிஎச்சிபி யை அணைக்க மறந்தால் போனும் மோடமும் ஆளுக்கொரு முகவரி கொடுக்கும். டிவி ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. பழைய மோடத்தின் துவாரங்கள் 100 எம்பிபிஎஸ் தான், 4ஜிக்கு அது போதும்.

இந்த வழியில் இரண்டு குறை. கரண்ட் போய் வந்தால் அடெப்டர் அணைந்து எழும்பும், சில போன்களில் டெதரிங்கை மறுபடி கையால் போட வேண்டியிருக்கும். இன்னொன்று, போன் கொடுக்கும் முகவரி வரிசை ஒவ்வொரு தடவையும் மாறலாம். கெமரா பெட்டியைப் பொருத்தியவர் அதற்கு 192.168.1.108 என்பது போல நிலையான முகவரி ஒன்று போட்டிருந்தால், டிவியும் கணனியும் வேலை செய்யும்போது கெமரா மட்டும் செத்துக் கிடக்கும். பெட்டியின் நெட்வேர்க் பக்கத்தில் டிஎச்சிபி என்று மாற்றினால் சரி.

பழைய போன் அல்லது ஐபோன் என்றால் வைஃபை வழி. விஸ்ப் (WISP) என்ற மோட் உள்ள சிறிய ரவுட்டர் ஒன்று வாங்குங்கள். பெட்டியிலேயே எழுதியிருக்கும், டீபி-லிங்க்கின் மலிவான மாடல்கள் சிலவற்றிலும் உண்டு. போனின் ஹொட்ஸ்பொட்டை அது வைஃபையில் வாங்கி, பின்பக்க லேன் துவாரங்களில் கொடுக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் விஸ்ப்பைத் தெரிந்தெடுத்து, தேடு என்று அழுத்தி, போனின் பெயரைத் தெரிந்து கடவுச்சொல்லைப் போட்டால் முடிந்தது. போனின் பெயர் வரவில்லையா? ஹொட்ஸ்பொட் 5 கிகாஹேர்ட்ஸில் போகிறது, ரவுட்டர் 2.4 மட்டும் கேட்கிறது. ஐபோனில் மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்ற பொத்தானைப் போட்டால் 2.4க்கு இறங்கும். அன்ட்ரொய்டில் ஆளில்லாத ஹொட்ஸ்பொட்டைத் தானாக அணைக்கும் நேர அமைப்பையும் எடுத்துவிடுங்கள். ரவுட்டரின் லேன் முகவரியைப் பழைய மோடத்தின் முகவரியாகவே 192.168.1.1 என்று வைத்துவிட்டால் கெமரா பெட்டியில் கை வைக்கவே தேவையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே சிலருக்கு இந்த வழி நல்லது.

டெஸ்க்டொப் ஒன்றுக்கு மட்டும் போதும் என்றால் இதெல்லாம் வேண்டாம், அன்ட்ரொய்ட் போனின் சார்ஜ் கம்பியைக் குத்தி யூஎஸ்பி டெதரிங் போட்டால் விண்டோஸ் தானாகவே எடுத்துக்கொள்ளும். டிவியும் கெமரா பெட்டியும் இதை ஏற்காது.

என் கணக்குப்படி போன் வழி ஒரு மாதச் சோதனைக்குத்தான். அந்த மாதத்தில் எந்த நிறுவனம், எந்த ஜன்னல், எத்தனை ஜிபி என்று தெரிந்துவிடும். அதன்பின் சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்குங்கள். கரண்ட் வந்தால் தானாக எழும்பும், வீட்டுக்காரர் கொழும்புக்குப் போகும்போது இணையத்தையும் சட்டைப் பையில் கொண்டுபோக மாட்டார். வெளியே அன்டெனா குத்தும் துவாரம் உள்ளதாகப் பாருங்கள். அன்டெனா வாங்கினால் அதன் கம்பி நீளத்தில் கவனம்: மெல்லிய ஆர்ஜி 58 கம்பி 1800 மெகாஹேர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் தின்னும். 10 மீட்டர் இழுத்தால் அன்டெனா சம்பாதித்தது எல்லாம் கம்பியிலேயே போய்விடும். ரவுட்டரையும் அன்டெனாவுக்குப் பக்கத்தில் உயரத்தில் ஏற்றி, கீழே லேன் கம்பியை இறக்குங்கள். கூரையில் வைக்கும் பூஸ்டர் என்று கடைகளில் வரும் பெட்டி வேறு விஷயம். அது அலையைத் திரும்ப வீசுவது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் வைக்கக்கூடாது. அக்கம்பக்கத்து போன்களையும் அது கெடுக்கும்.

போனே பாவிக்கிற வரைக்கும் அழைப்பு ஒரு தொல்லை. வோல்ட்டி (4ஜியிலேயே அழைப்பு எடுக்கும் வசதி) இயங்காத போனில் அழைப்பு வந்தால் போன் 4ஜியை விட்டுக் கீழே இறங்கும், பிள்ளையின் ஸூம் வகுப்பு அந்த நேரம் நின்றுவிடும். வோல்ட்டியைப் போடுங்கள், அல்லது யாருக்கும் நம்பர் கொடுக்காத தனி சிம் போடுங்கள். போன் நாள் முழுக்க சார்ஜில் கிடந்தால் பெட்டரி வீங்கும். 80 வீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருந்தால் போட்டு, உறையைக் கழற்றி வையுங்கள்; நுவரெலியாக் குளிரிலும் வேலை செய்கிற போன் சூடாகத்தான் இருக்கும். சில இணையப் பக்கங்கள் மட்டும் திறக்காமல் நின்றால் ரவுட்டரில் எம்டியூ வை (ஒரு தடவையில் அனுப்பும் டேட்டாப் பொதியின் அளவை) 1400க்கு இறக்கிப் பாருங்கள்.

மொபைல் இணைப்பில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி கிடைக்காது, பலர் ஒன்றைப் பகிர்கிறார்கள். அதனால் ரவுட்டரில் போர்ட் திறந்து, அதாவது வெளியிலிருந்து உள்ளே வர வழி விட்டு, கெமராவை வெளியிலிருந்து பார்த்த பழைய முறை வேலை செய்யாது. பெட்டியின் மெனுவில் பீ2பீ (P2P) யை, அதாவது போர்ட் திறக்காமலே பார்க்கும் வசதியைப் போட்டு, கியூஆர் குறியை அதன் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். அப்போதும் வெளியிலிருந்து பார்க்கும் நேரத்துக்கு மட்டும் டேட்டா போகட்டும். 2 எம்பிபிஎஸ் படத்தை இடைவிடாமல் மேலே அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. ஒரு கெமராவுக்கு! பதிவு பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் போதும்.

டிவிக்கும் அதே கதை. நெட்ஃபிளிக்ஸ் எச்டி மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும், 4கே என்றால் 7 வரை. யூடியூப்பை 480 இல் நிறுத்தினால் பழைய டிவியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்ட் (அளவுள்ள டேட்டா) என்று குறியுங்கள், இல்லாவிட்டால் அப்டேட் இரவோடு இரவாக ரீலோட் போட்டதைத் தின்றுவிடும். பெக்கேஜ் வாங்கும்போது அது எல்லாப் பாவனைக்குமா, குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டுமா, ஹொட்ஸ்பொட்டுக்கு அனுமதி உண்டா என்று வாசியுங்கள்.

லைனை வெட்டுவதற்கு முன்னால் ஒரு வாரமாவது இரவு 8 முதல் 10 வரை வேகத்தைப் பாருங்கள். ஊரே டவரில் தொங்கும் நேரம் அது. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் இருப்பவர்கள் சிவனொளிபாதமலை சீசனையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை, வாரக் கடைசியில் மலையேற வருகிற கூட்டமும் அதே டவரில்தான். லைனோடு சேர்ந்து வரும் டிவி சேவை இருந்தால் அதுவும் லைனோடு போய்விடும்.

கடைசியாக மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி கேட்கத் தொடங்கியதும், வெளியே போகிற லேன் கம்பியை இரண்டு முனையிலும் கழற்றுங்கள், பிளக்குகளையும் பிடுங்குங்கள். ரவுட்டரை அணைத்துவிட்டுக் கம்பியை அப்படியே விட்டால் டிவியின் லேன் துவாரம்தான் முதலில் போகும்.